நல்ல ஒலிபெருக்கி எது? ஒரு நூற்றாண்டு விவாதமும் எஞ்சியுள்ள கேள்விகளும்

வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு உயர்தரமான ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க முனைகிறவர் முதலில் சந்திப்பது குழப்பத்தைத்தான். ஒரே பதிவை, ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே அறையில் ஒலிக்கவிட்டாலும் இரண்டு நிறுவனங்களின் ஸ்பீக்கர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. நன்கு வடிவமைத்த ஆம்ப்ளிஃபயர்களும் டிஜிட்டல் பிளேயர்களும் இன்று தங்களுக்குள் பெரிதும் நெருங்கிவிட்டன. ஸ்பீக்கர்களுக்கு இடையிலான இடைவெளி மட்டும் இன்னும் சாதாரணக் காதுக்கே தெரியும் அளவுக்கு அகலமாக இருக்கிறது. விலையும் அப்படியே: சில ஆயிரங்களில் தொடங்கி, பல லட்சங்களைத் தாண்டிப் போகிறது.

அப்படியானால் எதை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுப்பது? சுமார் நூறு ஆண்டுகளாக இதற்குப் பலர் பல விடைகள் சொல்லி வந்திருக்கிறார்கள். மேடையில் கேட்கும் இசையே அளவுகோல் என்றார்கள் சிலர். வடிவமைப்பில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். பழகிய காதை நம்பு என்பது மூன்றாவது கட்சி, அளந்து பார் என்பது நான்காவது, அறையைச் சரிசெய் என்பது ஐந்தாவது. ஒவ்வொரு விடையும் எங்கிருந்து வந்தது, எங்கே வலுவாக நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வியின் வேர்

இன்று நம் வீடுகளில் உள்ள ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் விளக்கிய அமைப்பின் வழித்தோன்றல்கள். காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டத்துக்கு ஏற்பச் சுருள் அசைய, கூம்பு காற்றைத் தள்ளுகிறது. அடிப்படை அவ்வளவுதான்.

சிக்கல் இந்த எளிமைக்குள்ளேயே இருக்கிறது. மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. காற்றில் 20 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 மீட்டர். 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. இவ்வளவு விரிந்த வரம்பை ஒரே கூம்பு ஒழுங்காகக் கையாள்வது கடினம். அதனால்தான் ஊஃபர், ட்வீட்டர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்து, நடுவில் கிராஸ்ஓவர் சுற்றை வைக்கிறார்கள். பிரிக்கும் இடத்தில் சேர்க்கை பிசகலாம். பெட்டி தானும் அதிரலாம். ஒலி நேர்முகமாக ஒருவிதமாகவும் பக்கவாட்டில் வேறுவிதமாகவும் பரவலாம். எந்தக் குறையை முதலில் களைவது, எதைப் பொறுத்துக்கொள்வது என்ற முடிவுகளில்தான் ஸ்பீக்கர்களின் குணவேறுபாடு பிறக்கிறது.

முதல் விடை: மேடை இசையே அளவுகோல்

அசலைப் போலவே ஒலித்தால் நல்லது என்பது எவருக்கும் முதலில் தோன்றும் விடை. இதை விளம்பரமாகவே மாற்றியவர் தாமஸ் எடிசன். 1915 முதல் அவருடைய நிறுவனம் ஊர் ஊராக நிகழ்ச்சிகள் நடத்தியது. பாடகி மேடையில் பாடிக்கொண்டிருப்பார். இடையில் வாயசைவை நிறுத்துவார். பாட்டு மட்டும் ஃபோனோகிராஃபிலிருந்து தொடரும். வேறுபாடே தெரியவில்லை என்று கூட்டம் வியந்தது. இன்றைய காதுக்கு அந்தக் கருவியின் ஒலி மிகக் குறுகியது. நிகழ்ச்சிகளில் பங்கேற்ற ஆனா கேஸ் என்ற பாடகி, கருவியின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அடக்கிப் பாடியதாகப் பின்னாளில் தெரிவித்தார்.

1950களில் இதே யோசனை கூடுதல் நேர்மையோடு திரும்பி வந்தது. இங்கிலாந்தில் வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ் 1954இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலிலும், மறு ஆண்டு நியூயார்க் கார்னகி ஹாலிலும் நேரடி இசையையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தார். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் தொடங்கிய ஏ.ஆர். நிறுவனமும் நால்வர் தந்திவாத்தியக் குழுவை வைத்து இப்படிப்பட்ட ஒப்பீடுகளை நடத்தியது.

இந்த அளவுகோலின் அறம் குறை சொல்ல முடியாதது. ஸ்பீக்கர் தன் சொந்தச் சாயலைச் சேர்க்கக் கூடாது என்ற கொள்கையை நிலைநாட்டியது இதுவே. வாங்குகிறவருக்கோ இது கைகொடுப்பதில்லை. ஒப்பீடு நியாயமாக அமைய, பதிவில் அரங்கின் முழக்கம் கலந்திருக்கக் கூடாது. கடைகளில் கிடைக்கும் பதிவுகள் அப்படிப்பட்டவை அல்ல. மைக் எங்கே வைக்கப்பட்டது, பின்னர் என்னென்ன திருத்தங்கள் நடந்தன என்பது கேட்பவருக்குத் தெரியாது. அசல் எப்படி ஒலித்தது என்றே தெரியாதபோது, நகல் அதை ஒத்திருக்கிறதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

இரண்டாம் விடை: வடிவமைப்பில்தான் ரகசியம்

சரியான தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை தானே அமையும் என்பது அடுத்த நிலைப்பாடு. ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் ஒரு பள்ளியே உருவானது.

பால் கிளிப்ஷ் 1946 முதல் தயாரித்த கிளிப்ஷ்ஹார்ன், மடித்த கொம்பு வடிவத்தைக் கொண்டது. அறையின் மூலைச் சுவர்களையே கொம்பின் நீட்சியாகப் பயன்படுத்தும். ஒரு வாட்டுக்குள் அது தரும் ஒலியைப் பெறச் சாதாரண ஸ்பீக்கருக்குப் பல பத்து வாட் தேவைப்படும். வில்ச்சரின் ஏ.ஆர்.-1 (1954) நேர் எதிர் வழியில் போனது: காற்றுப்புகாத சிறு பெட்டி, அதற்குள் அடைபட்ட காற்றையே வில்லாகக் கொண்டு இயங்கும் ஊஃபர். அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. விலையாகத் திறன் குறைந்தது, ஆம்ப்ளிஃபயரின் சுமை கூடியது. பீட்டர் வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் நிலைமின் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் படலம் மட்டும். குரலில் அதன் தெளிவு இன்றும் மேற்கோளாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பேஸிலும் உரத்த ஒலியிலும் அதற்கு எல்லை உண்டு. நேராக அமர்ந்து கேட்பவருக்கே அது முழுமையாக வசப்படும். 1968இல் வந்த போஸ் 901 ஒன்பது டிரைவர்களில் எட்டைப் பின்பக்கம் திருப்பிச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியையே முதன்மையாக்கியது.

இவற்றுள் சற்று நின்று பார்க்கத் தக்கது 1970களில் பிபிசி உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் நெருக்கமாக அமர்ந்து பேச்சைக் கண்காணிக்கும் பொறியாளருக்காகச் செய்யப்பட்டது. உயரம் சுமார் ஓர் அடி. ஐந்து அங்குலப் பேஸ் டிரைவர் ஒன்று, சிறு ட்வீட்டர் ஒன்று. மனிதக் குரலை அது தரும் இயல்பில் மயங்கியவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆழ்ந்த பேஸ் அதில் இல்லை. பெரிய கூடத்தை நிரப்பும் சக்தியும் இல்லை. குறிப்பிட்ட வேலைக்காகக் கவனமாகத் தேர்ந்தெடுத்த விட்டுக்கொடுத்தல்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அது சான்று.

இந்தப் பள்ளிகள் அனைத்திலும் சிறந்த ஸ்பீக்கர்கள் உண்டு, மோசமானவையும் உண்டு. ஆகவே தொழில்நுட்பத்தின் பெயர் மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. அது சொல்வது, எந்தக் குறையை இந்த வடிவமைப்பாளர் ஏற்றுக்கொண்டார் என்பதைத்தான்.

மூன்றாம் விடை: பழகிய காதே நடுவர்

1950களின் பத்திரிகைகள் பெரும்பாலும் அளவீட்டு எண்களையே வெளியிட்டுவந்தன. அந்த எண்கள் கேட்கும் அனுபவத்தைச் சொல்வதில்லை என்ற அதிருப்தியில் ஜே. கார்டன் ஹோல்ட் 1962இல் ஸ்டீரியோஃபைல் இதழைத் தொடங்கினார். 1973இல் ஹாரி பியர்சன் தொடங்கிய தி அப்சல்யூட் சவுண்ட் அரங்கில் ஒலிக்கும் மின்பெருக்கமற்ற இசையைக் குறிக்கோளாக வைத்து, அதைக் காதாலேயே மதிப்பிட்டது. ஒலிக்களம், அகலம், ஆழம் என்று கேட்டதை விவரிக்க ஒரு மொழியே இவர்கள் வழியாக உருவானது. அக்கால எண்கள் உண்மையிலேயே போதாதவை என்பதால் இந்த எதிர்வினைக்கு நியாயம் இருந்தது.

பலவீனம் வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. ஒலி ஆய்வாளர்களான ஃபிலாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில் நாற்பது பேர் நான்கு ஸ்பீக்கர்களை இருமுறை மதிப்பிட்டார்கள்: ஒருமுறை கண்ணால் பார்த்தபடி, இன்னொரு முறை திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல். பார்த்தபடி கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான ஒன்றுக்கு இறங்கியது. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றும்போது ஒலி மாறுவதைத் திரைக்குப் பின்னால் உணர்ந்தவர்கள், கண்ணால் பார்த்தபோது அதே அளவுக்கு உணரவில்லை. இது நேர்மையின் குறை அல்ல. கண்ணும் முன்னறிவும் காதின் தீர்ப்பில் கலப்பது மனித இயல்பு.

ஒலியளவும் இப்படியே ஏமாற்றும். இரண்டில் ஒன்று ஒரே ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலும், உரக்க என்று தோன்றாமல் தெளிவாக என்று தோன்றக்கூடும். கடையில் ஒலியளவைச் சமன்செய்யாமல் நடக்கும் ஒப்பீட்டை நம்பி லட்சங்களைச் செலவிடுவது ஆபத்தானது.

நான்காம் விடை: அளந்து பார்

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் டூல் நடத்திய ஆய்வுகள் 1985, 1986இல் விரிவாக வெளிவந்தன. அவற்றின் முடிவு அன்று பலருக்கு வியப்பளித்தது. பெயர் மறைத்துக் கேட்கும்போது மனிதர்களின் விருப்பங்கள் சிதறவில்லை, ஒன்றுகூடின. நேர் அச்சில் ஏற்ற இறக்கமின்றிச் சீராகவும், பக்கவாட்டில் அதே சீரோடு மெல்லக் குறைந்தும் ஒலியைப் பரப்பும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினார்கள். 1991இல் டூல் ஹார்மன் நிறுவனத்துக்குச் சென்றபின் அங்கும் பணி தொடர்ந்தது. ஆலிவ் 2003இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களுமாக இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கம் வேறுபட்டாலும் தரவரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. 2004இல் எழுபது ஸ்பீக்கர்களின் அளவீடுகளைக் கொண்டு அவர் உருவாக்கிய கணித மாதிரி, கேட்பவர்களின் விருப்பத்தோடு 0.86 என்ற ஒட்டுறவைக் காட்டியது. அந்தக் கணக்கில் பேஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதன் பங்கு மட்டுமே ஏறத்தாழ 30 சதவீதம்.

இந்தப் பணியின் விளைவே இன்று சிடிஏ-2034 என்று அறியப்படும் அளவீட்டு முறை. கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் பத்துப் பத்து பாகையாகச் சுற்றி மொத்தம் 70 அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து நேரொலி, முதல் எதிரொலிப்புகள், அறைக்குள் கொட்டும் மொத்த ஒலி ஆகியவற்றின் கோடுகள் வரையப்படுகின்றன. இந்தக் கோடுகளை வாசிக்கத் தெரிந்தவருக்கு, ஸ்பீக்கரைப் பார்க்காமலேயே அதன் குணத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. 0.86 என்பது உயர்ந்த ஒட்டுறவுதான்; ஆனால் விருப்பத்தின் வேறுபாட்டில் சுமார் கால் பங்கு விளக்கப்படாமல் நிற்கிறது என்பதும் அதன் பொருள். சோதனைகள் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கரை வைத்து நடந்தவை. குறைகள் ஒற்றையில்தான் தெளிவாகத் தெரியும் என்பது உண்மை என்றாலும், வீட்டில் கேட்பது ஸ்டீரியோவில். பயன்பட்ட இசையும் பெரும்பாலும் மேற்கத்தியது. மேலும், இந்த ஆய்வில் கணிசமான பகுதி ஸ்பீக்கர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குள் நடந்தது. முடிவுகளை அது பொய்யாக்கிவிடாது. சுதந்திரமான மறுசோதனைகளின் தேவையை அது கூட்டுகிறது.

எளிய எண்களையும் இங்கே கவனிக்க வேண்டும். உணர்திறன் 83 டெசிபல் கொண்ட ஸ்பீக்கரும் 93 டெசிபல் கொண்டதும் ஒரே ஒலியளவைத் தர, முதலாவதற்குப் பத்து மடங்கு மின்சக்தி தேவை. 8 ஓம் என்று அச்சிட்டவற்றில் சில, சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கும் கீழே இறங்குவதுண்டு. ஆம்ப்ளிஃபயரை ஏற்கெனவே வைத்திருப்பவர் இந்த இரண்டு விவரங்களையும் பார்க்காமல் ஸ்பீக்கரை முடிவுசெய்யக் கூடாது.

ஐந்தாம் விடை: அறையை முதலில் பார்

பேஸ் பகுதியில் ஸ்பீக்கரைவிட அறையே அதிகம் பேசுகிறது. இதை ஒரு கணக்கால் காட்டலாம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிற்கும் முதல் அலைகள் சுமார் 38, 47, 56 ஹெர்ட்ஸில் அமைகின்றன. அந்த அதிர்வெண்களில் ஒலி சுவரோரத்தில் பெருத்தும் நடுவில் மெலிந்தும் கேட்கும். ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் பேஸ் மாறிவிடும். 12 அடிக்கு 12 அடி என்ற சதுர அறையில் நீள, அகல அலைகள் ஒரே 47 ஹெர்ட்ஸில் குவிவதால் சிக்கல் இன்னும் கூடும்.

அறையின் இந்த ஆதிக்கம் எந்த அதிர்வெண் வரை நீளும் என்பதைக் கணிக்க மான்ஃப்ரெட் ஷ்ரோடர் வகுத்த வாய்பாடு பயன்படுகிறது. மேலே சொன்ன அறையில் ஒலி அடங்க அரை விநாடி ஆகுமானால் அந்த எல்லை சுமார் 200 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அறையின் ஆட்சி, மேலே போகப்போக ஸ்பீக்கரின் ஆட்சி.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். செங்கல், கான்கிரீட் சுவர்கள் மேலைநாட்டு மரச்சட்டச் சுவர்களைப் போலப் பேஸை வெளியே கசியவிடுவதில்லை. உள்ளேயே திருப்பி அனுப்புகின்றன. டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் மேல் அதிர்வெண்களையும் முழங்கவைக்கின்றன. ஆங்கில இதழ்களில் வரும் பரிந்துரைகள் வேறுவகை அறைகளில் எழுதப்பட்டவை என்பதை நினைவில் கொள்வது நல்லது. கனமான திரைச்சீலை, கம்பளம், புத்தக அலமாரி ஆகியவை மேல்பகுதியைத் தணிக்கும். பேஸுக்கு அவை போதா. இருக்கையையும் ஸ்பீக்கரையும் இடம் மாற்றிப் பார்ப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட சப்ஊஃபர்களைப் பரப்பி வைப்பது, மைக்கால் அளந்து டிஜிட்டலாகத் திருத்துவது ஆகியவையே வழிகள்.

எல்லாவற்றையும் திருத்திச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் மிகையானது. திருத்தம் பேஸ் மேடுகளை ஓர் இருக்கைக்குச் சமன்செய்யும். ஸ்பீக்கர் பக்கவாட்டில் தவறாகப் பரப்பும் ஒலியை அதனால் சீராக்க முடியாது. ஆகவே அறையைக் கவனிப்பது நல்ல ஸ்பீக்கருக்கு மாற்றாகிவிடாது.

பதிவு என்னும் மறைந்த கண்ணி

எல்லா விடைகளையும் பாதிக்கும் பொதுச் சிக்கல் ஒன்று உண்டு. இசைப்பதிவின் சமநிலையைத் தீர்மானிப்பவர் அதை ஒரு ஸ்டூடியோ ஸ்பீக்கரில் கேட்டே தீர்மானிக்கிறார். அந்த ஸ்பீக்கரின் குறை பதிவின் குறையாகிறது. அந்தப் பதிவை வைத்து நாம் நம் ஸ்பீக்கரை எடைபோடுகிறோம். டூல் இதைக் குழப்பச் சுழல் என்ற பொருளில் குறிப்பிட்டார். 1978இல் வீட்டு ஸ்பீக்கராக வந்து உலகமெங்கும் ஸ்டூடியோக்களில் இடம்பிடித்த யமஹா என்.எஸ்.-10 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடு அதிர்வெண்களைத் தூக்கிக் காட்டி, பேஸைக் குறைத்துத் தரும் இதை வைத்து எண்ணற்ற ஆல்பங்கள் கலக்கப்பட்டன. திரையரங்க ஒலிக்குச் சர்வதேசத் தரநிலை இருப்பதுபோல் இசை ஸ்டூடியோக்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் பொதுத் தரநிலை இல்லை.

ஆகவே சோதிக்கும் இசையைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கர்நாடக இசை கேட்பவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணை, சாதாரணத் தோல்வாத்தியத்துக்கு இல்லாத முறையான மேற்சுரங்களை அதற்குத் தருகிறது என்பதை சி.வி. ராமன் 1920லும் 1934லும் எடுத்துக்காட்டினார். மேற்சுரங்களின் விகிதமே அதன் நாதம் என்பதால், ஸ்பீக்கரின் நடுப்பகுதியில் மேடுபள்ளம் இருந்தால் மீட்டும் சொற்களின் நிறம் மாறும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். அந்த அடிச்சுரம் மெலிந்தாலும் மேற்சுரங்களைக் கொண்டு காது அதை ஊகித்துக்கொள்ளும். சிறு ஸ்பீக்கரிலும் தம்புரா நிறைவாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம். இசை மாறினால் தேவை மாறும். குரலும் வயலினும் மட்டும் கேட்பவருக்கு 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ஊஃபர் கட்டாயமில்லை; தவிலும் திரையிசையும் ஆர்கெஸ்ட்ராவும் கேட்பவருக்கு அது பெரும் வேறுபாட்டைத் தரும்.

முடிவானவையும் முடிவாகாதவையும்

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் சிலவற்றை நியாயமான உறுதியோடு சொல்லலாம். சீரான நேரொலியும் அதோடு ஒத்துப்போகும் பக்கவொலியும் நல்ல ஸ்பீக்கரின் அடிப்படை. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையையும் இடத்தையும் கவனிக்காமல் எந்த விலையும் பலன் தராது. பார்த்தபடி, சமன்செய்யாத ஒலியளவில் கேட்கும் தீர்ப்பை முழுதாக நம்பக் கூடாது. கூடுதல் பணம் பெரும்பாலும் வாங்கித் தருவது ஆழமான பேஸ், உரத்த ஒலியிலும் குலையாத தெளிவு, திடமான பெட்டி, அழகிய மெருகு ஆகியவற்றையே. சீரான ஒலி மிதமான விலையிலும் கிடைக்கிறது.

இன்னும் திறந்திருப்பவற்றுள் முதன்மையானது, ஒலி எவ்வளவு அகலமாகப் பரவ வேண்டும் என்பது. பக்கச்சுவரின் எதிரொலிப்புகள் இசைக்கு விரிவைத் தருகின்றன என்று ஒரு சாரார் கருதுகிறார்கள். அவை பதிவின் நுட்பத்தை மங்கவைக்கின்றன, குறுகலாக அனுப்புவதே சரி என்று இன்னொரு சாரார் வாதிடுகிறார்கள். பின்பக்க ஒலியை மின்னணு முறையில் அடக்கும் புதிய ஸ்பீக்கர்கள் இந்த விவாதத்தை மீண்டும் கூர்மையாக்கியிருக்கின்றன. கேட்பவரின் பழக்கம், இசையின் வகை, அறையின் தன்மை மூன்றையும் பொறுத்து விடை மாறும் என்றே இப்போதைக்குத் தோன்றுகிறது. நம் இசையையும் நம் வகை அறைகளையும் கொண்டு பெயர் மறைத்த சோதனைகள் பரவலாக நடந்தால் இதில் தெளிவு கூடும்.

அதுவரை வாங்குகிறவருக்குச் சொல்லத்தக்க வரிசை ஒன்று உண்டு. அறையின் அளவு, கேட்கும் தூரம், கேட்கும் இசை ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முழு அளவீடுகள் வெளியாகியுள்ள ஸ்பீக்கர்களிலிருந்து இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். அவற்றை முடிந்தால் சொந்த அறையில், ஒலியளவைச் சமன்செய்து, பழகிய பதிவுகளில் நீண்ட நேரம் கேளுங்கள். அளவீடு தவறானவற்றை விலக்கித் தரும். எஞ்சியவற்றுள் எது தனக்குரியது என்பதைக் காது முடிவுசெய்யலாம். லட்சங்களில் விற்கும் நிறுவனங்கள் தங்கள் அளவீடுகளை முழுமையாக வெளியிட வேண்டும் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. அந்தக் கோரிக்கை வலுக்க வலுக்க, இந்த நூற்றாண்டு விவாதத்தில் ஊகத்தின் பங்கு குறைந்துகொண்டே வரும்.